கார்டுல 5 லட்சம் இருக்கு... கையில இருந்து போற காசுக்கு யாரு கணக்கு?



நேரா ஒரு கேள்வி. போன வருஷம் உங்க வீட்டுல ஆஸ்பத்திரிக்கு, மருந்துக்கு, டெஸ்ட்டுக்கு, அதுக்காகப் போன பஸ், ஆட்டோவுக்கு, லீவு போட்டதால போன கூலிக்கு, எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சு?

கரண்ட் பில் எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் விலை தெரியும். மொபைல் ரீசார்ஜ் என்னைக்கு முடியுதுன்னுகூடத் தெரியும். இந்தக் கணக்கு மட்டும் தெரியாது. ஏன்னா இது ஒரே பில்லா வராது. இங்க 200, அங்க 850, அப்புறம் ஒருநாள் 3,000 என்று துண்டு துண்டாகப் போகும். கடைசியில பீரோவுல இருந்த வளையல் அடகுக் கடையில இருக்கும்.

இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. கமெண்ட்ல "இது எங்க ஆட்சியில வந்தது, அது உங்க ஆட்சியில வந்தது"ன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் வாங்க. சொல்ல வர்றது ஒண்ணுதான்: ஒரு அரசு மருத்துவத்தில் நல்லா செய்யுதா இல்லையான்னு பார்க்க, கார்டில் எழுதியிருக்கும் தொகையைப் பார்க்கக் கூடாது. ஒரு குடும்பத்தின் கையிலிருந்து போற காசு குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்.

■ முதல்ல, யார் என்ன செய்தாங்கன்னு நேர்மையா சொல்லிடுவோம்

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் வந்தது.

இதுல ஒண்ணுகூட சும்மா இல்லை. இதய அறுவை சிகிச்சைக்கு வயலை விற்கிற நிலைமையில் இருந்து பல குடும்பங்களைக் காப்பாத்தின திட்டங்கள். எந்தக் கட்சி கொண்டு வந்தாலும் சரி, இதைக் குறை சொல்றவன் ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு ராத்திரிகூட உட்கார்ந்திருக்க மாட்டான்.

நாடு முழுக்க உள்ள புள்ளிவிவரமும் முன்னேற்றத்தைத்தான் காட்டுது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14-ல் இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆன மொத்தச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39.4 சதவீதம்.

நல்லாத்தான் இருக்கு. ஆனா 39.4 என்றால் என்ன? 100 ரூபாய் மருத்துவச் செலவில் கிட்டத்தட்ட 40 ரூபாயை இன்னைக்கும் நோயாளியே தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவு ஜிடிபியில் 2.5 சதவீதம் ஆகணும்னு சொன்னது. 2021-22-ல், அதுவும் கொரோனாச் செலவு உச்சத்தில் இருந்த வருஷத்தில், அது 1.84 சதவீதம்தான்.

அந்த 40 ரூபாய் எங்கே போகுதுன்னு நம்ம தென்காசி மாவட்டத்தை வச்சே பார்ப்போம்.

■ கணக்கு 1: கார்டு யாருக்கு?

காப்பீட்டு அட்டை வாங்க குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கணும். 2012 திட்டத்தில் 72,000 ரூபாய். பத்து வருஷம் கழித்து 2022-ல் அதை 1,20,000 ஆக உயர்த்தினாங்க. வரவேற்கிறோம்.

இப்போ கால்குலேட்டரை எடுங்க. 2025-26-க்குத் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். நாட்டிலேயே எளிய வேலைக்கான கூலி என்று அரசே வச்ச அளவு இது. ஒரு கணவன், ஒரு மனைவி. ரெண்டு பேருக்கும் அதே கூலியில் மாசத்துக்கு 15 நாள் மட்டும் ஏதாவது வேலை கிடைக்குதுன்னு வைங்க.

336 × 15 நாள் × 2 பேர் × 12 மாசம் = 1,20,960 ரூபாய்.

வரம்பைத் தாண்டியாச்சு!

மாசத்துல பாதி நாள் வேலை இல்லாத ஒரு கூலிக் குடும்பமே காகிதத்தில் 'வசதியானவர்' ஆயிடுது. நடைமுறையில் என்ன நடக்கும்? கிராம நிர்வாக அலுவலர் கொஞ்சம் இரக்கப்பட்டு வருமானத்தைக் குறைச்சு எழுதித் தருவார். அவர் எழுதலைன்னா கார்டு இல்லை. ஒரு குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பு ஓர் அதிகாரியின் இரக்கத்தில் நிற்கலாமா?

தென்காசி பஜாரில் ஜவுளிக்கடையில் மாசம் 12,000 வாங்கும் தங்கச்சியை நினைச்சுப் பாருங்க. கார்டுக்கு வருமானம் கூடுதல். தனியார் பாலிசி எடுக்க வருமானம் குறைவு. நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் இவங்களை 'விடுபட்ட நடுத்தரம்' என்ற பொருளில் குறிப்பிட்டாங்க. நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவீதம், அதாவது சுமார் 40 கோடிப் பேருக்கு எந்த மருத்துவப் பாதுகாப்பும் இல்லைன்னு அந்த அறிக்கையே சொல்லுது.

■ கணக்கு 2: கார்டு எதுக்கு?

கார்டு இருக்குன்னே வச்சுக்குவோம். அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால் வேலை செய்யும். பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சை, பட்டியலில் உள்ள சிகிச்சை, சில பரிசோதனைகள், சில தொடர் சிகிச்சைகள். ஆனா ஒரு சாதாரணக் குடும்பத்தை மாசாமாசம் அரிக்கிறது என்ன? சுகர் மாத்திரை. பிரஷர் மாத்திரை. முழங்கால் வலி. பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர் பீஸ், ரத்த டெஸ்ட், சிரப். இதுக்கு கார்டை நீட்டினா ஒண்ணும் நடக்காது.

ஒரு வீட்டில் ரெண்டு பெரியவங்களுக்கு சுகரும் பிரஷரும் இருக்கு, மருந்துக்கடையில் மாசம் 1,500 ஆகுதுன்னு வைங்க. வருஷத்துக்கு 18,000. ஆண்டு வருமானம் 1,20,000 உள்ள குடும்பத்துக்கு அது 15 சதவீதம். யாரும் ஆஸ்பத்திரியில் சேரலை. ஆபரேஷன் இல்லை. இன்சூரன்ஸ் கணக்கில் இந்தக் குடும்பத்துக்கு இந்த வருஷம் செலவு பூஜ்யம்!

இதுக்காகத்தான் மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டமும், ஆரம்ப சுகாதார நிலையமும், மலிவு விலை மருந்தகங்களும் முக்கியம். அங்கே மாத்திரை சரியா கிடைச்சா அந்த 18,000 வீட்டிலேயே இருக்கும். ஒரு மாசம் "இந்த மாத்திரை வரலை, வெளியில வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டா, மறுபடி மருந்துக்கடைக்குத்தான் ஓடணும். இல்லைன்னா இன்னொண்ணு நடக்கும். அது இன்னும் மோசம்: மாத்திரையை நிறுத்திடுவாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு கிட்னி கெட்டு, அப்போ கார்டு வேலை செய்யும். மாசம் சில நூறு ரூபாய் மாத்திரையில் தடுத்திருக்க வேண்டியதுக்கு, வாரம் ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ். அரசுக்கும் நஷ்டம், அந்த மனுஷனுக்கும் நரகம்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். மெஷின் பராமரிப்பில் முதல் பாடமே இதுதான்: ஆயில் மாத்துற செலவை மிச்சம் பிடிச்சா இன்ஜின் மாத்துற செலவு வரும்.

■ கணக்கு 3: 'இலவச' சிகிச்சைக்கு ஆகும் செலவு

தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர் 22. அதுக்கு முன்னாடி நெல்லை மாவட்டம். மாவட்டம் பிரிஞ்சது, கலெக்டர் ஆபீஸ் வந்தது. ஆனா பெரிய சிக்கல்னா இன்னைக்கும் கை காட்டுறது ஒரே இடம்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு. 1965-ல் தொடங்கின திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி.

தென்காசியிலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். செங்கோட்டை, புளியரைக்காரங்களுக்கு இன்னும் அதிகம். வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம்னா கேட்கவே வேண்டாம்.

அங்கே சிகிச்சை இலவசம்தான். டாக்டர்களும் நர்சுகளும் கூட்டத்துக்கு நடுவில் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறாங்க. ஆனா நோயாளி 10 நாள் படுத்தால், கூட ஒருத்தர் இருந்தாகணும். அதே 336 ரூபாய்க் கணக்கைப் போடுவோம். நோயாளியின் கூலி 3,360 போச்சு. கூட இருக்கிறவர் கூலி 3,360 போச்சு. கூட இருப்பவர் சாப்பாடு, டீ நாளுக்கு 150 வச்சா 1,500. வந்து போகும் உறவுகளின் பஸ் செலவு, வெளியில் வாங்குற சில்லறைச் சாமான் என்று ஓர் ஆயிரம். மொத்தம் 9,220.

அந்தக் குடும்பத்தின் ஒரு மாச வருமானமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். பில் பூஜ்யம், செலவு ஒரு மாசச் சம்பளம்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுறவர், பழக்கடை போடுறவர், லாட்ஜில் வேலை பார்க்கிறவர், எண்ணெய் தேய்க்கிறவர், இவங்களுக்கு வருஷத்தின் சம்பாத்தியம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் சீசனில்தான். ஜூலையில் 20 நாள் படுத்துட்டா, போனது 20 நாள் கூலி இல்லை. பிள்ளையோட அடுத்த வருஷ பீஸ். கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுத்துற அக்காமார்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. சுத்தலைன்னா காசு இல்லை. நாள் முழுக்கக் குனிஞ்சு, புகையிலைத் தூசியை மூச்சில் இழுத்துச் செய்யுற வேலை. அவங்களுக்கு 'சிக் லீவு'ன்னா என்னன்னே தெரியாது.

பீடித் தொழிலாளர் நலனுக்குன்னு 1976-ல் சட்டம் போட்டு, பீடிக்கு ஒரு தீர்வை வசூலிச்சு, அதில் மருத்துவமும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கொடுத்தாங்க. 2017-ல் ஜிஎஸ்டி வந்தப்போ அந்தத் தீர்வையை நிறுத்திட்டாங்க. அந்த நலனுக்கென்று தனியா வந்துகொண்டிருந்த காசு நின்னு போச்சு. இப்போ பட்ஜெட்டில் பார்த்துப் போட்டால் உண்டு.

மருத்துவக் கல்லூரி விஷயத்துக்கு வருவோம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தாங்க. பக்கத்து விருதுநகருக்கு வந்தது. தென்காசிக்கு இல்லை. சுமார் 14 லட்சம் பேர் உள்ள மாவட்டம் இது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம், 10 லட்சம் பேருக்கு 100 எம்பிபிஎஸ் இடம்தான்னு ஒரு விதி கொண்டு வந்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வச்சது. ஏற்கெனவே நிறைய கல்லூரி கட்டின மாநிலத்துக்கு அது தண்டனை மாதிரி. அந்த விதி திரும்ப வந்தா, முதல்ல அடி வாங்குறது தென்காசி மாதிரி இன்னும் கல்லூரி இல்லாத மாவட்டங்கள்தான்.

மருத்துவக் கல்லூரின்னா பையன் டாக்டருக்குப் படிக்கிற இடம் மட்டும் இல்லை. ராத்திரி 2 மணிக்கும் சிறப்பு மருத்துவர் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்குன்னு அர்த்தம். மேலே சொன்ன 9,220-ல் பாதியாவது மிச்சமாகும்னு அர்த்தம்.

■ கணக்கு 4: தனியார் பில்

தூரத்துக்குப் பயந்தோ, கூட்டத்துக்குப் பயந்தோ, அவசரத்திலோ தனியாருக்குப் போறோம். தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று (2017-18) சொல்லுது: பிரசவம் தவிர, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. இது பழைய விலை. பஸ், சாப்பாடு, போன கூலி இதுல சேரலை.

கையில் 30,000 இல்லாதவர் மூணு வட்டிக்கு வாங்கினா மாசம் 900 வட்டி. வருஷத்துக்கு 10,800. நோய் ஒரு வாரத்தில் போயிடும், வட்டி போகாது.

எல்லா தனியார் ஆஸ்பத்திரியும் கொள்ளைன்னு நான் சொல்ல வரலை. நம்ம ஊரில் 20 படுக்கை வச்சு, ராத்திரி பகலா நாமே கதவைத் தட்டுற டாக்டர்கள் இருக்காங்க. அவங்களுக்குக் கட்டட வாடகை, மெஷின் கடன், நர்ஸ் சம்பளம் எல்லாம் இருக்கு. காப்பீட்டில் கொடுக்கும் பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகலை, காசு லேட்டா வருதுன்னு அவங்க சொல்றதிலும் நியாயம் இருக்கு. அதையும் அரசு சரி பண்ணணும்.

பிரச்னை வேற இடத்தில் இருக்கு. 1963-ல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கினவர், ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னதை நம்ம பாஷையில் சொல்றேன். சுரண்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினா, தொட்டுப் பார்ப்பீங்க, நாலு கடையில் விலை கேட்பீங்க, பிடிக்கலைன்னா வெண்டைக்காய் வாங்கிட்டு வந்திடுவீங்க. ஆஸ்பத்திரியில் அது நடக்காது. உங்களுக்கு என்ன தேவைன்னு விற்கிறவர்தான் சொல்லணும். அது சரியான்னு உங்களுக்குத் தெரியாது. பேரம் பேச நேரம் கிடையாது. வேண்டாம்னு எழுந்து வர முடியாது. அதனால கத்தரிக்காய்ச் சந்தை மாதிரி 'போட்டி வந்தா விலை தானா குறையும்'னு இதை விட்டுட முடியாது. அரசு உள்ளே வந்துதான் ஆகணும்.

வந்தா என்ன ஆகும்னும் பார்த்திருக்கோம். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வச்சது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அது ஒரு லட்சத்தையும் தாண்டி விற்ற சரக்கு. அடுத்த வருஷம் அதே ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நாலு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருட்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டதுன்னு வெளியிட்டது. ஊசி சிரிஞ்சு, கையுறை, ட்ரிப்ஸ் செட் மாதிரி நாம விலையே பார்க்காத பொருட்களிலும் பெரிய லாபம் ஒளிஞ்சிருந்தது.

"எங்க மெடிக்கல்லதான் வாங்கணும்"ன்னு கட்டாயப்படுத்துறதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போச்சு. 2025 மார்ச்சில் நீதிமன்றம், இதுக்குக் கொள்கை வகுக்க வேண்டியது மாநில அரசுகள்னு சொல்லி முடிச்சது. அதாவது பந்து இப்போ மாநிலத்தின் கையில்.

■ பாலிசி எடுத்திருக்கிற தோழர்களுக்கு ஒரு நிமிஷம்

தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ரொம்ப நாள் கேட்ட கோரிக்கை, நடந்தது நல்லது. ஆனா பாலிசியில் ரெண்டு விஷயத்தைப் பாருங்க.

ஒண்ணு, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம். 2024 முதல் இது அதிகபட்சம் 3 வருஷம். நோயை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. கிளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டி மறுப்பாங்க.

ரெண்டு, ரூம் வாடகை வரம்பு. பாலிசியில் ஒருநாள் வரம்பு 3,000 இருந்து நீங்க 6,000 ரூமில் படுத்தா, வெட்டுறது ரூம் வாடகையை மட்டும் இல்லை. டாக்டர் பீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு மாதிரி ரூமோட சேர்ந்த செலவுகளும் பாதியாகும். மருந்துக்கும் ஸ்டென்ட் மாதிரி பொருத்துற பொருளுக்கும் அந்த வெட்டு கூடாது. அட்மிஷன் போடும்போதே ரூம் வரம்பைக் கேளுங்க.

■ வேற வழி இருக்கா? இருக்கு. நாமளே காட்டியிருக்கோம்

மருந்து கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டினது தமிழ்நாடு. 1994-ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து மொத்தமா டெண்டர் விட்டு, பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் மருந்து வாங்குது. மாவட்டக் கிடங்கில் வச்சு, சாம்பிள் எடுத்து ஆய்வகத்தில் சோதிச்சு, அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் மாதிரி ஒரு கணக்கு. மொத்தமா வாங்கினா விலை தரைமட்டத்துக்கு வரும். கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாடி இந்த வழியைப் பின்பற்றி தங்களுக்கும் கழகம் அமைச்சாங்க.

கூலி இழப்புக்கும் வழி இருக்கு. ஈ.எஸ்.ஐ-யை எடுத்துக்குங்க. 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கும் கடையில், மாசம் 21,000 வரை சம்பளம் வாங்குறவருக்கு அது உண்டு. 12,000 சம்பளக்காரர் 90 ரூபாய் கட்டினா, முதலாளி 390 கட்டணும். அதுக்குக் குடும்பத்துக்கே வெளிநோயாளி சிகிச்சை, மருந்து, படுக்கை எல்லாம் உண்டு. உடம்பு சரியில்லாமல் லீவு போட்டா, சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மேலே சொன்ன ஜவுளிக்கடைத் தங்கச்சிக்கு இது கிடைக்குதா? அவங்க கடையில் பதிவு பண்ணியிருக்காங்களா? கேட்கணும். கூலி இழப்பும் மருத்துவச் செலவுதான்னு இந்த நாட்டுச் சட்டம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கு. ஆனா பீடி சுத்துற அக்காவுக்கும் ஆட்டோ ஓட்டுற அண்ணனுக்கும் மட்டும் அது இன்னும் கைக்கு எட்டலை.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணு. தாய்லாந்தைப் பாருங்க. 2001-ல் '30 பாட்' திட்டம் கொண்டு வந்தாங்க. ஒரு தடவை போனா 30 பாட் கட்டணம், அவ்வளவுதான். வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அதுக்குள்ளேயே. மாவட்ட ஆஸ்பத்திரியைப் பலப்படுத்தி, முதல்ல பக்கத்தில் உள்ள இடத்துக்கு வரச் சொன்னாங்க. இன்னைக்கு அங்கே மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போறது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நமக்கு பத்தில் நாலு.

■ நாம கேட்க வேண்டியது என்ன?

இது எந்த ஆட்சி இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள். நம்ம கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்கணும். அப்பதான் மத்தவங்ககிட்ட கேட்க நமக்கு வாய் இருக்கும்.

1. காப்பீட்டு வருமான வரம்பை 10 வருஷத்துக்கு ஒருதடவை மாத்துறதை விட்டுட்டு, குறைந்தபட்சக் கூலியோடு இணைச்சு வருஷா வருஷம் உயர்த்தணும்.

2. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் சுகர், பிரஷர் மாத்திரை இன்னைக்கு எவ்வளவு இருப்புன்னு வாசலில் போர்டில் எழுதணும். ரேஷன் கடையில் எழுதுற மாதிரி.

3. தென்காசிக்கு அரசு மருத்துவக் கல்லூரி. அது வரும் வரை, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தெந்த சிகிச்சை கிடைக்கும், எதுக்கு நெல்லைக்கு அனுப்புறாங்க, மாசத்துக்கு எத்தனை பேரை அனுப்புறாங்கன்னு பட்டியல் வெளியிடணும். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே இங்கே முதல்ல எந்தப் பிரிவைப் பலப்படுத்தணும்னு தெரிஞ்சிடும்.

4. அமைப்புசாராத் தொழிலாளிக்கும், கூட இருக்கும் ஒருவருக்கும் ஆஸ்பத்திரி நாட்களுக்குக் கூலி உதவி. பீடித் தொழிலாளர் நலநிதிக்கு நிலையான வருவாய்.

5. தனியார் மருத்துவமனைகளில் கட்டணப் பட்டியல் தமிழில், கண்ணில் படும் இடத்தில். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா விலை போட்ட பில். மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளும் உரிமை. உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் கையில் கொடுத்ததை மாநிலம் சட்டமாக்கணும்.

■ உங்களுக்கு ஒரு வேலை

இந்தப் பதிவை ஷேர் பண்றது ரெண்டாவது வேலை. முதல் வேலை இது. உங்க பூத்தில் 10 வீட்டுக்குப் போங்க. பேர் எழுத வேண்டாம், போட்டோ வேண்டாம், நோய் என்னன்னு துருவ வேண்டாம். அஞ்சே கேள்வி:

• போன மாசம் மருந்துக்கு எவ்வளவு ஆச்சு?
• காப்பீட்டு அட்டை இருக்கா? இல்லைன்னா ஏன்?
• அரசு ஆஸ்பத்திரியில் எந்த மாத்திரையை வெளியில் வாங்கச் சொன்னாங்க?
• போன வருஷம் சிகிச்சைக்காக எத்தனை நாள் கூலி போச்சு?
• ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்கினீங்களா, நகை அடகு வச்சீங்களா?

பதிலை ஒன்றியத்துக்கு அனுப்புங்க. ஒன்றியம் மாவட்டத்துக்கு அனுப்பட்டும். அதைத் தொகுக்கிறது ஐடி விங் பொறுப்பு, நாங்க பார்த்துக்கிறோம். கையில் சொந்தக் கணக்கு இருந்தா, அதோட கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளுக்குப் போகலாம். சட்டமன்றத்தில் பேசுறவங்க கையிலும் கொடுக்கலாம். "மக்கள் கஷ்டப்படுறாங்க"ன்னு பொதுவா சொன்னா யாரும் அசைய மாட்டாங்க. "இந்த ஊரில் 10 வீட்டில் 6 வீடு மாத்திரையை வெளியில் வாங்குது"ன்னு சொன்னா பதில் சொல்லித்தான் ஆகணும்.

போற வீட்டில் அட்டை இல்லாதவங்க இருந்தா, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோட கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அட்டை இருந்தும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தனியா காசு கேட்டா கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கொடுங்க; புகார் பண்ண உதவி பண்ணுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. இதைப் பெரியவங்க வீட்டுச் சுவத்தில் நீங்களே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்க.

தோழர்களே, ஓட்டு கேட்டு அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை அந்த வீட்டுக்குப் போறோம். இந்தத் தடவை அவங்க மருந்துச் சீட்டைப் பார்க்கப் போவோம். வர்ற ஞாயித்துக்கிழமையே ஆரம்பிங்க. முதல் பத்து வீட்டுக் கணக்கை, பேர் இல்லாம, கமெண்ட்ல போடுங்க. காத்திருக்கேன்.

— தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், தென்காசி மாவட்டம்

#கைக்காசுக்_கணக்கு #தென்காசிக்கு_மருத்துவக்_கல்லூரி #மருந்து_இருப்பைச்_சொல்லுங்க